பெற்றிசியாவின்ரை தமையன்

சொந்த ஊரிலை லொட்ஜிலை அறை எடுத்து இருக்கிற மனிசனை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ? மன்னாரிலை ஒருத்தன் இருந்தான். பெயர் பஸ்ரியன். டவுன் முடிஞ்சு தலைமன்னார் றோட்டு தொடங்கிற இடத்திலை, கழுதையள் வெயிலுக்கு ஒதுங்கி நிக்கிற ஒரு மதிலுக்குப் பக்கத்திலை, பைசர் நானா எண்டு ஒரு முஸ்லிம் மனிசன்ரை ரெண்டு மாடி லொட்ஜ். அதிலை மேல்மாடிக் கடைசி அறை பஸ்ரியன்ரை. கறண்டு எடுக்கிற காத்தாடி வேலைக்கு வாற என்ஜினியர்மார், குருவி பாக்க வாற வெள்ளைக்காரர், வழக்குக்கு வாற சனம் எண்டு ஒரு நாள் ரெண்டு நாள் தங்கிப் போற இடம் அது. பஸ்ரியன் மாசக்கணக்கா இருந்தான். அவன்ரை சொந்தத் தங்கச்சி பெற்றிசியாவின்ரை வீடு இந்தா பக்கத்திலை, தோட்டவெளியிலை. ஓட்டோவிலை ஏறினா ஒரு பாட்டு முடியிறதுக்குள்ளை போய் இறங்கலாம்.

அந்த வீட்டை ஆர் கட்டினது எண்டு கேளுங்கோ. இந்த பஸ்ரியன்தான் கட்டினான்.

தாயும் தேப்பனும் போன பிறகு, தங்கச்சியை ஒரு கரை சேக்கவேணும் எண்டு பிரான்சுக்குப் போனவன். அங்கை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினான். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அவன் அனுப்பின காசிலைதான் தோட்டவெளியிலை வீடு எழும்பினது. எங்கடை பக்கத்திலை பொம்பிளைப் பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணம் பேசேலுமோ? முடிஞ்ச வீட்டை அப்பிடியே சீதனமா எழுதிக் குடுத்தான். மாப்பிள்ளை றெனால்ட், அரசாங்கக் கந்தோரிலை வேலை. கலியாணத்துக்கு பஸ்ரியனாலை வரேலாமல் போச்சு. விசா இல்லை, வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது. மாப்பிள்ளை வீட்டாரிலை ஒருத்தருக்கும் அவன்ரை முகமே தெரியாது. அவன் போட்டோ அனுப்பிற ஆளும் இல்லை.

வீடு கட்டேக்கை அவன் தனக்கெண்டு கேட்டது ஒண்டே ஒண்டு. "ஒரு அறைக்குக் கடல் பக்கம் யன்னல் வை பிள்ளை. நான் வந்தா அதிலைதான் படுப்பன்." பெற்றிசியாவும் வைச்சாள். வட்ஸ்அப்பிலை அந்த அறையைக் காட்டேக்கையெல்லாம் "இது எங்கடை அண்ணாவின்ரை அறை" எண்டுதான் சொல்லுவாள். அவன் அங்கை நிலக்கீழ் அறையிலை, யன்னலே இல்லாத இடத்திலை நாலு பேரோடை படுத்துக்கொண்டு அதைப் பாத்துச் சிரிப்பான்.

பதினேழு வருசம் கழிச்சு ஒருநாள் அங்கத்தைப் பொலிஸ் பிடிச்சு, உடுத்த உடுப்போடை பிளேன் ஏத்தி அனுப்பிப்போட்டுது. எயாப்போட்டுக்குப் பெற்றிசியாவும் றெனால்டும் வான் பிடிச்சு வந்தவை. தங்கச்சி கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைச்சு அழுதாள். பொய்யழுகை இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். மன்னாருக்குள்ளை ஏத்திற தள்ளாடிப் பாலம் தாண்டேக்கை பஸ்ரியனுக்கு நெஞ்சு அடிச்ச அடி! ஆனா வான் தோட்டவெளிக்குப் போகேல்லை. பைசர் நானாவின்ரை லொட்ஜ் வாசலிலை நிண்டுது.

"வீட்டிலை சரியான புழுக்கம் மச்சான்," எண்டான் றெனால்ட். "நீங்கள் குளிருக்குப் பழகின உடம்பு. ஏசி அறை பேசியிருக்கிறன். ரெண்டு நாள் ஆறுங்கோ."

பஸ்ரியனும் அதை நம்பினான், மடையன். ரெண்டு நாள் ரெண்டு கிழமையாச்சு, பிறகு அதைப் பற்றின கதையே நிண்டு போச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவினம். ஹோலிலை கதிரையிலை இருந்து சாப்பிடுவான். கடல் பக்கத்து அறை பூட்டுப் போட்டுக் கிடக்கும். அது றெனால்டின்ரை தமையன் லண்டனிலையிருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து படுக்கிற அறையாம். பஸ்ரியன் அந்தக் கதவைப் பாப்பான். பொழுதுபடமுன்னம் றெனால்ட் மோட்டச்சைக்கிளை எடுத்து ஸ்ராட் பண்ணுவான், இவன் எழும்புவான்.

பெற்றிசியாவின்ரை மகள் சுவேதினி, ஒன்பது வயசு. ஃபோனிலை கதைக்கேக்கை "பிரான்ஸ் மாமா, பிரான்ஸ் மாமா" எண்டு கத்தின பிள்ளை. இப்ப "லொட்ஜ் மாமா" எண்டு கூப்பிடுது. பிள்ளையை என்னெண்டு குறை சொல்லுறது?

மத்த நாளுகளிலை பெற்றிசியா குடுத்துவிடுற சாப்பாட்டை ஒரு ஓட்டோக்காரன் கரியரிலை கொண்டுவந்து குடுப்பான். சாப்பிட்டு முடிய பஸ்ரியன் மொட்டை மாடிக்குப் போவான். அங்கையிருந்து பாத்தா பனையளுக்கு மேலாலை கறுப்புத் தண்ணித் தாங்கியள் தெரியும். "நானா, அந்தா அந்த ரெண்டாவது எங்கடை," எண்டு காட்டுவான். தோட்டவெளி அங்கையிருந்து தெரியாது எண்டு பைசர் நானாவுக்கு நல்லாத் தெரியும். "ஓம் ஓம், பெரிய தாங்கிதான்," எண்டுவார்.

இப்பிடி இருக்கேக்கைதான் சுவேதினிக்கு முதல் நன்மை, கோயிலிலை முதன்முதலா நற்கருணை வாங்கிற சடங்கு, எண்டு கதை வந்தது. லண்டன், கனடா எண்டு றெனால்டின்ரை ஆக்கள் எல்லாரும் வருகினமாம். ஒருநாள் விடிய பைசர் நானா தலையைச் சொறிஞ்சுகொண்டு மேலை வந்தார்.

"அண்ணன், உங்கட மச்சான் விருந்தாளிகளுக்கு முழு லொட்ஜையும் எடுத்திட்டார். உங்கட அறையையும் சேத்துத்தான்."

பஸ்ரியன்ரை முகத்தைப் பாக்கவேணும் நீங்கள்! லொட்ஜிலை இடமில்லை எண்டா அவன் எங்கை போறது? வீட்டைதானே! வேறை போக்கிடம் ஏது? சனம் நிறைஞ்ச வீடு, அறை இல்லாட்டியும் ஹோலிலை ஒரு பாய் விரிச்சா போதும். யன்னல் பிறகு பாப்பம். டவுனுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைக்கு வெள்ளை முத்துச் செபமாலை ஒண்டு வாங்கினான், தனக்கு ஒரு சேட்டு வாங்கினான். தலைமயிர் வெட்டினான். பையை அடுக்கி, அறையைத் தானே கூட்டிப் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சான்.

"நானா, நான் வீட்டை போறன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" எண்டார் பைசர் நானா. அவருக்கும் கண் கலங்கிச்சு. "இனி இந்தப் பக்கம் வந்தா தேத்தண்ணி குடிக்க மட்டும்தான் வரணும், சரியா?"

பெற்றிசியா ஓட்டோவிலை வந்தாள். பஸ்ரியன் பையோடை துள்ளி ஏறினான். பைசர் நானா கேற்றடியிலை நிண்டு கை காட்டினார். ஓட்டோ வெளிக்கிட்டு, தோட்டவெளிப் பக்கம் போகாமல் டவுன் பக்கம் திரும்பிச்சு. நானாவின்ரை கை இறங்கினதைப் பஸ்ரியன் கண்டான்.

"எங்கை பிள்ளை போறம்?"

பெற்றிசியா முந்தானையை விரலிலை சுத்திக்கொண்டிருந்தாள். "மடு மாதா கோயிலுக்கு ஒரு நேத்திக்கடன் இருக்குதண்ணா. நீங்கள் சுகமா வந்து சேரவேணும் எண்டு மாதாவிட்டை நேந்தனான். நீங்கள்தான் போய் ஒப்பேத்தவேணும். ரெண்டு மூண்டு நாள் நிண்டிட்டு வாங்கோவன்."

"பிள்ளையின்ரை முதல் நன்மை நாளண்டைக்கெல்லோ?"

அவளின்ரை கண்ணாலை பொலபொலவெண்டு தண்ணி. "அவற்றை ஆக்களுக்கு உங்களைப் பிரான்சிலையிருந்து திருப்பி அனுப்பினது தெரியாதண்ணா. அவர் சொல்லேல்லை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நான் அந்த வீட்டிலை வாழவேணும்."

நான் கட்டின வீடு எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினேழு வருசம் ஆருக்காகக் கோப்பை கழுவினனான் எண்டு கேட்டிருக்கலாம். ஆனா தங்கச்சி அழுதா அவனுக்குச் சின்ன வயசிலையிருந்தே வாய் கட்டிப்போகும். செபமாலையை எடுத்து அவளின்ரை கையிலை வைச்சான்.

"பிள்ளைக்குப் போட்டுவிடு," எண்டான். டவுனிலை இறங்கி மடு பஸ்ஸிலை ஏறினான்.

மடுவிலை மண்டபத் தரையிலை பேப்பர் விரிச்சுப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கேக்கை, இப்ப சுவேதினி வெள்ளை உடுப்போடை பீடத்துக்கு நடப்பாள் எண்டு நினைச்சான். அண்டைக்குத்தான் வாய்விட்டு அழுதான். மாதாவிட்டை என்னத்தைக் கேக்கிறதெண்டும் அவனுக்குத் தெரியேல்லை.

வேறை எங்கை போறது? திரும்பி லொட்ஜுக்குத்தான் வந்தான். முன் அறையிலை பெட்டியளோடை ஒரு ஆள் வானுக்குக் காத்துக்கொண்டிருந்தான், லண்டன்காரன். நல்ல பிறவி, இவனைக் கண்டதும் சிரிச்சான்.

"அண்ணை எவடம்?"

"நான்… மடுவுக்கு வந்தனான்."

"நாங்கள் எங்கடை றெனால்டின்ரை மகளின்ரை முதல் நன்மைக்கு வந்தம். அந்த மாதிரி விசேசம்! பிள்ளையின்ரை கையிலை ஒரு முத்துச் செபமாலை, அதைப்போலை வடிவு நான் காணேல்லை. மாமன்காரன் பிரான்சிலையிருந்து அனுப்பினதாம். பாவம், அந்த மனிசனுக்கு லீவு குடுக்கேல்லையாம். பிள்ளையே சொல்லிச்சு, பிரான்ஸ் மாமாவுக்கு வரேலாதாம் எண்டு."

மேசைக்குப் பின்னாலை நிண்ட பைசர் நானா குனிஞ்சு எதையோ தேடினார்.

"வீட்டையும் அந்த மாமன்தானாம் கட்டினது," எண்டான் லண்டன்காரன். "நேற்று மத்தியானம் சாப்பிட்டிட்டு றெனால்டின்ரை தமையன் படுக்கிற கடல் பக்கத்து அறையிலை சரிஞ்சனான், பொழுதுபடத்தான் எழும்பினன்."

பஸ்ரியன் பையைக் கீழை வைச்சான். "காத்து வருதோ?"

"என்ன கேள்வி அண்ணை! ஏசி என்னத்துக்கு? யன்னலைத் திறந்தா ஆளைத் தூக்குது."

"ஓம்," எண்டான் பஸ்ரியன். "கடல் பக்கம் வைச்சா அப்பிடித்தான்."

வான் வந்து லண்டன்காரனை ஏத்திக்கொண்டு போட்டுது. பைசர் நானா மேல்மாடிக் கடைசி அறைத் திறப்பை எடுத்து மேசையிலை வைச்சார்.

"இருங்க அண்ணன், அந்த லண்டன் ஆள் படுத்த பெட்சீற் இன்னும் மாத்தல்ல," எண்டார்.

பஸ்ரியன் கதிரையிலை இருந்தான்.