கடைசி வாங்கில் அப்பா பாடினார்

எங்கள் அப்பா கர்த்தரிடம் போய் இன்றோடு ஒரு வருடம். பரலோகத்தில் ஓயாமல் பாட்டு நடக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்குள்ள பாடகர் குழுவை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. அப்பா பாடியதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இன்றைய நன்றி ஆராதனைக்கு வந்திருப்பவர்களில் கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். பதினாறு வயதில் தகப்பனாரை இழந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாரந்தூக்கிகளின் இரைச்சலுக்கு மேலால் பெட்டி இலக்கங்களைக் கத்திச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெறும் வரை அப்படிக் கத்தியவருக்கு மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே மறந்துபோயிற்று. காலி வீதியில் நின்று அவர் கதைத்தால் கடற்கரைப் பக்கம் கேட்கும் என்று சித்தப்பா பகிடி பண்ணுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது நான் கைக்குழந்தை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை உள்ளே எடுத்து ஒளித்து வைத்தது. அந்த நாட்களில் அப்பாவை வாய் திறக்காமல் வைத்திருந்ததுதான் தனக்குப் பெரிய பாடாக இருந்தது என்று அம்மா சொல்வார். "உடுத்த துணியும் தொண்டையும்தான் மிஞ்சினது" என்று அப்பா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் எரிந்த வீட்டை அவர் திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை.

பெருங்குரலோடு இன்னொன்றும் அவரிடம் இருந்தது: அவசரம். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் ஆமென் சொல்லிவிடுவார். பாட்டிலும் அப்படியே. எல்லாருக்கும் அரைத் தாளம் முந்தித் தொடங்கி, அரைத் தாளம் முந்தி முடித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவர் எங்கள் சபையின் பாடகர் குழுவில், நாங்கள் சொல்லும் கொயரில், சேர்ந்ததற்கு ஒரே காரணம், அதை நடத்தியவர் அம்மா. அப்போது அம்மா பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியை. அவரைப் பார்ப்பதற்கென்றே அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு ஆராதனைக்கு வருவாராம். வந்தவர் பாட்டுக்கு நின்றார், அம்மாவையும் கட்டினார். கலியாணத்துக்குப் பிறகும் விலகவில்லை. மனைவியை விலக்கச் சொன்னாலும் விலக்குவேன், கொயரை விடமாட்டேன் என்று போதகர் ஐயாவிடமே சொல்லியிருக்கிறார். ஆண்கள் வரிசையில் நடுநாயகமாக அவர் நிற்க, முன்னால் நிற்கும் அம்மாவின் இடது கை மட்டும் தனியாக, 'மெதுவா, மெதுவா' என்று அவருக்குச் சைகை காட்டிக்கொண்டே இருக்கும். நான் பெண்கள் வரிசையில் நின்று அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறேன்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் ஆராதனை ஒன்றில் அந்தக் கையும் உதவவில்லை. அம்மா இரண்டு மாதமாகப் பழக்கிய பாட்டு. நடுவில் எல்லாக் குரலும் ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றாக எழ வேண்டும். கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் அப்பா ஒருவர் மட்டும் தனியாக, துறைமுகமே கேட்கும்படி குரல் எழுப்பினார். சபை சிரித்துவிட்டது. போதகர் ஐயாவும் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார். "இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லுவன். கோவிக்கக் கூடாது."

"சொல்லுமன்."

"இனி நீங்கள் கொயரில நிக்க வேண்டாம்."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "ஏன், என்ர குரலில என்ன பிழை?"

"குரல் நல்ல குரல்தான். ஆனா அது கொயருக்குள்ள அடங்குதில்ல."

அப்பா எழுந்து கை கழுவினார். கோபித்தால் கத்துவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் ஒரு கிழமை, ஏழு நாளும், மெதுவாகப் பேசினார். அதுதான் எங்களால் தாங்க முடியாமல் இருந்தது. அம்மா சமையலறையில் நின்று, "நான் சொன்னது பிழையோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். நான் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன். அப்பா கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுவாரோ என்று எங்கள் இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அப்பா வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முந்தியே புறப்பட்டுவிட்டார். நாங்கள் போனபோது வாசலோடு ஒட்டிய கடைசி வாங்கில், அந்த நீள மர ஆசனத்தில், இருந்தார். புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று மாதர் சங்கத்தில் கதை அடிபட்டது.

அந்தக் கடைசி வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதற்பாட்டு முடிந்தபின் வந்து, ஆசீர்வாதத்துக்கு முன் போய்விடுகிறவர்களின் இடம் அது. லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தனியாக இருந்து வேலை செய்கிறவர்கள். மட்டக்களப்பு, வவுனியா, மலைநாடு என்று பல ஊர்க்காரர். எங்கள் ராகங்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. பாட்டு நேரத்தில் வாயை மூடிக்கொண்டு சீலிங்கைப் பார்ப்பார்கள். நாங்கள் முன்னுக்கு நின்று அவர்களுக்காகத்தான் பாடிக்கொண்டிருந்தோம், அவர்களோடு அல்ல. அது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அப்பா அங்கே போய் நின்று தன் வழக்கப்படி பாடினார். அரைத் தாளம் முந்தி, உச்சக் குரலில். ராகம் தெரியாதவனுக்கு அடுத்து என்ன வருகிறது என்று முன்கூட்டியே ஒருவர் காட்டிவிட்டால் வேறென்ன வேண்டும்? இரண்டு மூன்று மாதத்தில் பின்பக்கத்திலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. அம்மா ஒருநாள் பாட்டின் நடுவில் திரும்பிப் பார்த்தார். கடைசி வாங்கு முழுக்க எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது.

காலி வீதிச் சேலைக் கடையொன்றில் விற்பனையாளராக இருக்கும் ஜெயசீலன் அண்ணன் மட்டக்களப்புக்காரர். அவர் பிறகு என்னிடம் சொன்னார்: "ஐயா அவ்வளவு பிழையாப் பாடியும் ஆரும் அவரை ஒண்டும் சொல்லல்ல தங்கச்சி. அதப் பாத்துத்தான் எனக்கும் வாயத் திறக்கத் தைரியம் வந்தது."

அப்பா பாட்டோடு விடவில்லை. ஆசீர்வாதத்துக்கு முன் நழுவுகிறவர்களை வாசலில் மறித்து, மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். முன்னறிவித்தல் கிடையாது. அம்மா புறுபுறுத்துக்கொண்டே இன்னும் இரண்டு சுண்டு அரிசி போடுவார். சாப்பிட வைத்துக்கொண்டே, யாருக்கு என்ன கைவருமென்று அப்பா விசாரிப்பார். தெஹிவளையில் ஒரு மாடிக்கட்டடத்துக் காவலாளியாக வேலை பார்த்த, மலைநாட்டு ஹற்றனைச் சேர்ந்த செல்வம், "எனக்கு ஃபேன் வேலை தெரியுங்க ஐயா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே அப்பா அவரைப் போதகர் ஐயாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஐயா, அந்த நாலாவது ஃபேன் சுத்தாததைப் பாத்துக்கொண்டு இன்னும் எவ்வளவு காலத்துக்கு ஜெபிக்கிறது? ஆள் வந்திட்டுது." ஜெயசீலன் அண்ணன் சேலைக் கடைக் கையால் பீடத்துத் துணிகளை மடித்துச் சோடித்த அழகை நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிறீர்கள்.

இதற்கிடையில் அம்மாவின் பாடகர் குழு வற்றிக்கொண்டு வந்தது. ஆண்குரல்களில் ஒருவர் கனடாவுக்கு, ஒருவர் லண்டனுக்கு, ஒருவர் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்கு என்று போய், கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு எப்போதும் சளியும் தடிமனும். உயிர்த்தெழுந்த பண்டிகை நெருங்கியபோது அம்மா இறங்கி வந்தார். "நீங்களாவது திரும்பி வாங்கோவன்" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா எவ்வளவு ஆசையாகக் காத்திருந்த அழைப்பு அது என்று எனக்குத் தெரியும். அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "எனக்குப் பின்னுக்கு வேலை இருக்கு."

அடுத்த பயிற்சிக்கு அவர் ஜெயசீலன் அண்ணனைக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்தார். "இந்தாரும். இது அடங்கிற குரல். பக்கத்தில நிண்டு கேட்டு வச்சிருக்கிறன்." அது உண்மையாகவே அருமையான கீழ்க்குரல். பிறகு செல்வம் வந்தார். பிறகு ஒவ்வொருவராக. தன் பாட்டு எங்கே பிசகுகிறது என்று அறியாத மனிதருக்கு அடுத்தவர் குரலை எடைபோட எப்படித் தெரிந்ததோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கடைசி ஏழு மாதங்கள் அப்பாவின் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. கிழமையில் மூன்று தரம் வைத்தியசாலை. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. பாடகர் குழுவும் கடைசி வாங்கும் சேர்ந்து முறை போட்டுக்கொண்டு அவரைக் கதிரையில் உட்கார வைத்து, அதோடு தூக்கி இறக்கி ஏற்றினார்கள். "தாளம் பாத்து இறங்குங்கோடா" என்று அப்பா மேலிருந்து அதிகாரம் பண்ண, மாடிப்படி முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில், தேநீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். அதிலும் அவசரம்தான்.

அடக்க ஆராதனையில் அம்மாவை முன் வாங்கில் அமர்ந்திருக்கச் சொன்னார்கள். கேட்காமல் குழுவின் முன் போய் நின்றார். தொடங்குவதற்காகக் கையைத் தூக்கியவர், ஆண்கள் வரிசையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பழைய குரல்கள் எல்லாம் போய்விட, அன்று அங்கே நின்ற ஆறு பேரும் அப்பா கடைசி வாங்கிலிருந்து அனுப்பியவர்கள். அம்மா அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டைத் தொடங்கினார். அன்று பாடியதுபோல அந்தக் குழு என்றைக்கும் பாடியதில்லை.

அப்பாவின் நோயில் தோள் கொடுத்த சகோதரர்களுக்கும், வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்த போதகர் ஐயாவுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய மாதர் சங்கத்தாருக்கும், கீழ்வீட்டுச் சிங்கள நோனா அம்மாவுக்கும், வைத்தியர்கள், தாதியருக்கும், வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அம்மா இதை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு விசயத்தைத் தான் சொன்னபடியே சேர்க்கச் சொன்னார். "அவரைக் கொயரில இருந்து நிப்பாட்டினது சரிதான். அதுக்கு நான் கவலைப்படேல்ல. ஆனா இவ்வளவு வருசத்தில ஒரு ஞாயிறாவது நான் பின்னுக்குப் போய், அவருக்குப் பக்கத்தில நிண்டு பாடியிருக்க வேணும். அது செய்யேல்ல."

ஆகவே இந்த நன்றி ஆராதனையில் பாடகர் குழுவை ஜெயசீலன் அண்ணன் நடத்துகிறார். அம்மா கடைசி வாங்கில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பாட வராதவர்கள் தயவுசெய்து அங்கே போய் இருந்து, வாயைத் திறந்து பாடுங்கள்.

அன்பு மகள்,
வெள்ளவத்தை