சிவப்பு மை வரிகள்

சமையலறை அலமாரியில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு நீள நோட்டு இருக்கிறது. உள்ளே அண்ணனின் கையெழுத்தில் பாட்டுகள். அவன் பாட வேண்டிய வரிகள் நீல மையில், நான் பாட வேண்டியவை சிவப்பு மையில். யாரும் எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடக் கூடாது என்றுதான் அங்கே ஒளித்து வைத்தேன். வேங்கிக்காலில் இந்த வீட்டில் இப்போது என்னைத் தவிர எடுக்க ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில் அடி அண்ணாமலையிலிருந்து கிளம்பிய எங்கள் மெல்லிசைக் குழுவின் நோட்டீசில் 'ஆர்கெஸ்ட்ரா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வந்து பார்த்தால் நாலே பேர். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஆர்மோனியம், சித்தப்பா தபேலா, பாடுவதற்கு அண்ணனும் நானும். திருவண்ணாமலையில் கல்யாண வரவேற்புகளுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். ஜனங்கள் கேட்பதெல்லாம் சினிமாக் காதல் பாட்டுதான். முதல் கச்சேரியில் அண்ணன் மைக்கைப் பிடித்து, "அடுத்து என் தங்கச்சியோட ஒரு காதல் பாட்டுங்க" என்று சொல்லிவிட்டான். கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. அதிலிருந்து அறிவிப்பு அப்பாவின் வேலையாயிற்று. மைக்குகளையும் மேடையின் இரண்டு கோடிக்கு நகர்த்திவிட்டார். நான் மலையைப் பார்த்துக்கொண்டு காதலைப் பாடுவேன்.

அன்றைக்கே நான் என் வரியை மறந்தும் போனேன். பதினாலு வயது, முதல் மேடை. அண்ணனுக்கு அந்த வரி தெரியும். எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தவனை அப்பா கையசைத்துத் தடுத்தார். "ஒரு சுத்து விடு. வந்துடுவா." ஆர்மோனியமும் தபேலாவும் ஒரு சுற்று போய் வந்தன. எனக்கு வரி வந்துவிட்டது. அதுவே எங்கள் வீட்டுச் சட்டமானது. ஒருவர் வரியை இன்னொருவர் தொடுவதில்லை. ஆள் வரும்வரை வாசித்துக்கொண்டு காத்திருப்போம்.

எட்டு வருடம் பாடினேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, "கல்யாணத்துக்கு அப்புறம் மேடை வேணாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அண்ணன் மட்டும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு ஜோடிப் பாட்டுகளையே விட்டுவிட்டார்கள். வேறொரு பெண்ணைச் சேர்க்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அண்ணன் கேட்கவில்லையாம். தனிப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? கச்சேரிகள் கம்மியாகிக்கொண்டே வந்தன.

மூன்று வருடம் கழித்து, என் நாத்தனாரின் கல்யாண வரவேற்புக்கு மாமனாரே அவர்களைக் கூப்பிட்டார். முன்வரிசையில் பட்டுப்புடவையில் நான், பக்கத்தில் கணவர். நாலைந்து தனிப்பாட்டுகளுக்குப் பிறகு அண்ணன் எங்கள் ஜோடிப் பாட்டு ஒன்றை எடுத்தான். நீல வரியைப் பாடி முடித்துவிட்டு நிறுத்தினான். மேடையின் மறுகோடியில் ஆளில்லாமல் ஒரு மைக் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குனிந்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று போனது. வரி என் தொண்டையில் தயாராக இருந்தது. இரண்டாவது சுற்றும் போனது. "பாட்டு மறந்துட்டாரு போல" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மூன்றாவது சுற்றையும் வாசித்தார். பிறகு அண்ணன் தன்னுடைய அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

புறப்படும்போது நோட்டை என் கையில் கொடுத்தான். "நீயே வெச்சிக்கோம்மா. எனக்கு எதுக்கு இது?" கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதுதான் எங்கள் குழுவின் கடைசிக் கச்சேரி. அண்ணன் மெட்ராசுக்கு வேலை தேடிப் போனான். விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம். பாட்டைப் பற்றி இருவரும் வாய் திறந்ததே இல்லை. இப்போது அவனும் இல்லை.

கணவர் இறப்பதற்கு முந்தின வருடம், ஒரு காலையில் தோசையைப் பிய்த்தபடி சொன்னார்: "அன்னிக்கி உங்க அண்ணன் நிறுத்தினாரே, நீ எழுந்து பாடுவேன்னுதான் நெனச்சேன். பாடியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்." ஏதோ ஞாபகம் வந்தது, சொன்னார், அவ்வளவுதான். சட்னி கேட்டார், போட்டேன். அத்தனை வருடமாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

நேற்று மத்தியானம் நோட்டை எடுத்தேன். சிவப்பு மை வெளுத்து, இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்குப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் வரியைப் பாடினேன். குரல் கரகரத்தது. அடுத்தது அண்ணனுடைய வரி. நீல மை இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. நானே பாடிவிடலாம். பாடவில்லை. சமையல் மேடையில் விரலால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று விட்டேன். பிறகு இன்னொரு சுற்றும் விட்டேன்.