செவலையின் வீடியோ எங்கே?

ஸ்லைடு ஷோவுக்குள் வீடியோவை எப்படிச் சேர்ப்பது என்று யாராவது கேட்டால், போன ஞாயிற்றுக்கிழமை வரை ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். இன்செர்ட்டை அமுக்கு, ஃபைலைக் காட்டு, முடிந்தது.

இப்போது கேட்டால்...? உட்காருங்கள், காபி போடுகிறேன். கதை கொஞ்சம் பெரிசு.

எங்கள் ஊர் கோம்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ராசு அண்ணனுக்கு உயிரே செவலைதான். மாடு இல்லை, நாய். அசல் கோம்பை நாய். செம்மண் நிறத்தில் உடம்பு, கரி பூசின மாதிரி மூஞ்சி, யாரையும் சட்டை பண்ணாத நடை.

போன வருஷம் தேனியில் ஒரு செல்லப்பிராணி சங்கம் கண்காட்சி நடத்தியது. அல்சேஷனுக்கு ஒரு வரிசை, டாபர்மேனுக்கு ஒரு வரிசை. கையகலப் பொமரேனியனுக்குக்கூட தனி வரிசை! செவலையை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? ‘இதர வகை’ என்ற போர்டுக்குக் கீழே. பக்கத்தில் துணைக்கு ஒரு கூண்டு முயல்.

“ஊர்ப் பேரையே தன் பேரா வச்சிருக்க நாய் தங்கச்சி... அதுக்கு நம்ம ஜில்லாவுலயே ஒரு போர்டு இல்லையா?” என்று புலம்பிய அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இந்த வருஷம் விடாமல் நடையாய் நடந்தார். கடைசியில் சங்கத்தில் இறங்கி வந்தார்கள். கமிட்டி கூட்டத்தில் வந்து பேசுங்கள், கேட்டுவிட்டு அங்கேயே முடிவு சொல்கிறோம் என்றார்கள். “ஸ்கிரீன்லாம் போட்டுத் தாரேன்னு சொன்னாக. நீதான் செஞ்சு குடுக்கணும்” என்று அண்ணன் என்னிடம் வந்து நின்றார். கம்ப்யூட்டரில் பத்திரிகைக்குப் பத்தி அடிக்கிறேன் அல்லவா, அவர் கணக்கில் நான் இன்ஜினியர்!

போட்டோக்களை வரிசையாக அடுக்கினேன். ஆனால் அண்ணன் மலைபோல நம்பியது வீடியோவைத்தான். திருடன் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதிப்பான். செவலை அவனைக் கடிக்காது. சுவரோடு ஒட்டி நிறுத்தி, நகரவிடாமல் குரைக்கும். அண்ணன் “இரு” என்றால் அப்படியே உட்கார்ந்துவிடும். அதுதான் கோம்பை நாயின் கெத்து!

திருடன் யார்? வேறு யார்... என் வீட்டுக்காரர்தான். ஆபீசில் ஹெட் கிளார்க்காக உட்கார்ந்து எல்லோரையும் மிரட்டுகிற மனுஷன், லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு சுவர் ஏறினார். முதல் டேக்கிலேயே செவலை அவரைச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிவிட்டது. ஷூட்டிங் முடிந்ததும் பயம் தெளிய ஒரு பாக்கெட் பிஸ்கட் பிரித்தார். பாதி அவருக்கு, பாதி செவலைக்கு. இந்த பிஸ்கட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு ஷோ, வீடியோ இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அண்ணனின் புத்தம்புது பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேனி. கமிட்டி ஆட்கள் வரிசையாக நாற்காலியில். செவலை வெளியே வேனில். போட்டோக்கள் ஓடின, எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இப்பப் பாருங்க!” என்றார்.

பார்த்தோம். ஸ்கிரீன் நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி. கிளிக்கினேன். வெள்ளைப் பெட்டி. மறுபடி கிளிக்கினேன். ஃபைலைக் காணோம் என்று சங்கத்து லேப்டாப் கையை விரித்தது.

“அண்ணே, பென் டிரைவுல ரெண்டு ஃபைல் இருந்துச்சே... வீடியோ எங்க?”

“அதுவா? அழிச்சுட்டேன் தங்கச்சி.”

“என்னது?”

“ஸ்லைடுக்குள்ளதான் போட்டுட்டியே! ஒரே சரக்கு எதுக்கு ரெண்டு எடத்துல? பின்னால ஸ்டாக்கு குழம்பிரும்ல?”

கடைக்காரர் புத்தி! ஸ்லைடுக்குள் இருப்பது வீடியோ இல்லை, அது எங்கே இருக்கிறது என்கிற விலாசம் மட்டும்தான் என்பதை அந்த இடத்தில், அந்த நேரத்தில் எப்படி விளக்குவது? ஓடிப்போய் என் வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வரலாம் என்றால் கோம்பை எங்கேயோ கிடக்கிறது.

சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“மாப்ள... ஒரே ஒரு தடவ...”

“ஏலே ராசு, இஸ்திரி போட்ட சட்டைடா!”

அண்ணன் கண் கலங்கியிருந்தது. பாவம், என் வீட்டுக்காரர் அண்ணனின் துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டார். செவலையை உள்ளே கொண்டுவந்தார்கள். இவர் மேடை ஓரத்திலிருந்து பதுங்கிப் பதுங்கி வந்தார்... ஹெட் கிளார்க் பதுங்குவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

செவலை பார்த்தது. ஒரே பாய்ச்சல்! நேராக அவர் மேல் ஏறி, மூஞ்சியை நக்கோ நக்கென்று நக்கியது. பிஸ்கட்காரர் வந்துவிட்டாரே!

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் தலை குனிந்துவிட்டார். இந்த வருஷமும் முயல் பக்கத்தில்தானா?

“இதுவா காவல் நாய்? போதும்ப்பா, கெளம்புங்க” என்று தலைவர் எழுந்து மேடைக்கு வந்தார். அங்கே கிடந்த அண்ணனின் கைப்பையைத் தூக்கி நீட்டலாம் என்று அதில் கையை வைத்தார்.

வைத்ததுதான் தெரியும்.

செவலை திரும்பியது. குரைத்த குரைப்பில் ஹால் அதிர்ந்தது. தலைவர் பையைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே போனார்... போனார்... ஸ்கிரீனில் முதுகு முட்டும்வரை போனார். அல்சேஷன் வளர்க்கிற கமிட்டி உறுப்பினர்தான் முதல் ஆளாக நாற்காலி மேல் ஏறினார்.

தலைவரின் வேட்டி நுனியில்கூட செவலையின் பல் படவில்லை. ஆனால் ஓர் அங்குலம் நகரவிடவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவர் நின்ற இடம் எது என்கிறீர்கள்? அந்த வெள்ளைப் பெட்டிக்கு நட்டநடுவில்! அளவெடுத்தாற்போல் உள்ளே பொருந்தியிருந்தார்.

“இரு” என்றார் அண்ணன், மெதுவாக.

செவலை உட்கார்ந்தது. வாலைக்கூட ஆட்டவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து தலைவரின் குரல் மட்டும் வந்தது: “தனி வரிசை போட்டுருவோம் ராசு... கோம்பைன்னு பெரிய எழுத்துல போர்டு வச்சிருவோம். மொதல்ல நாயைப் பிடிப்பா!”

நான் நாற்காலியில் நின்று கைதட்டினேன். ஏறினது பயத்தில்தான், தட்டினது சந்தோஷத்தில். அண்ணன் செவலையைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழுதார்.

என் வீட்டுக்காரர் எங்கே? எச்சில் வழியும் மூஞ்சியைத் துடைக்கக்கூட மறந்து, தன் புது கேமரா செல்லில் அத்தனையையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்!

நேற்று தலைவர் போன் பண்ணினார். ரொம்பத் தணிந்த குரல். “அம்மா... அந்த வீடியோவை மட்டும் அழிச்சுட முடியுமா?”

அண்ணனிடம் கேட்டேன். பென் டிரைவில் இருக்கிறதாம், சி.டி.யில் இருக்கிறதாம், கடை கம்ப்யூட்டரில் இருக்கிறதாம், மாப்ள செல்லில் இருக்கிறதாம், சின்னமனூர்ச் சம்பந்தி வீட்டில்கூட ஒரு காப்பி இருக்கிறதாம்.

ஸ்டாக் குழம்பினால் குழம்பிவிட்டுப் போகட்டுமாம்!