நேராக ஓடிய வெள்ளைப் பந்து

பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கோ புல் அறுக்கிற வாசனை வந்தது. பச்சையாய், ஈரமாய், கொஞ்சம் கசப்பாய். அவ்வளவுதான். பஸ் வந்தது, போயிற்று, நான் ஏறவில்லை. நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில், துரைமார் கிளப்புக்கு முன்னால், சின்னப் பிள்ளையாய் அத்தையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன்.

மலையெல்லாம் சரிவு, அங்கே மட்டும் மேசைபோல் ஒரு புல்தரை. துரைமார் பந்து உருட்டி விளையாடும் இடம். கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி முழங்கால் பிசகிய அத்தைக்கு, அந்தத் தரையைப் பார்க்கும் வேலை தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தரை சரியாக இருந்தால் அதுவே நிரந்தரம். இல்லாவிட்டால் மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மறுபடி மலையேற வேண்டும்.

அத்தை மூங்கில் கம்பால் பனியைத் தட்டினாள். ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, களையைக் கத்திமுனையால் நெம்பினாள், சலித்த மணலைத் தூவினாள். அவள் புருஷன், என் மாமா, கல் உருளையை நெடுக்கும் குறுக்கும் இழுத்தார். களைச்சாக்கு என் பொறுப்பு.

சனிக்கிழமை மாமா கிளப்பிலிருந்து கறுப்புப் பந்தொன்றை எடுத்துவந்து உருட்டிப் பார்த்தார். போகப் போக அது இடப்பக்கம் வளைந்தது.

"போச்சு! தரை சாஞ்சிருக்கு புள்ள."

எதிர்முனைக்குப் போய் உருட்டினார். அங்கேயும் அவருக்கு இடப்பக்கமே.

"இந்தப் பக்கமும் சாஞ்சிருக்கு!"

"ஒரே தரை ரெண்டு பக்கமுமா சாயும்? மொதல்ல நீங்க நேரா நில்லுங்க." சொல்லிவிட்டு அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

மறுபடி மணல், மறுபடி உருளை, மறுபடி வளைவு. பெரிய பந்து என் கைக்கு அடங்காது. குறிக்கு வைக்கிற சின்ன வெள்ளைப் பந்தை எடுத்து நான் உருட்டினேன். ஓடியது, ஓடியது, நூல் பிடித்தாற்போல் அடுத்த கரைவரை ஓடியது.

"அத்தே, நேரா போகுது!"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "தரையில குத்தமில்ல. கிளப்ப விட்டு வர்ற தொரை மாதிரி, பெரிய பந்துகதான் கோணிக்கிட்டு போகுதுக."

ஞாயிறன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். பெரிய பந்துகள் எல்லாமே வளைந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் அத்தை என் கையை நெரித்தாள். துரைமாரோ கைதட்டினார்கள்! கடைசியில் பெரிய துரை குனிந்து, புல்லை உள்ளங்கையால் தடவி, வேலிப்பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கு. இனி நீ இங்கதான்."

மாமா பழைய தகரத்தை மேளமாய்த் தட்டிக்கொண்டு முன்னால் போக, அத்தை நொண்டி நொண்டி நடந்தது தேர் அசைந்து வருவதுபோல் இருந்தது.

வளைந்து ஓடுவதற்கென்றே செய்த பந்துகள் அவை, வளைவுதான் விளையாட்டே. எனக்கு அன்று அது தெரியாது, அத்தைக்கும் தெரியாது. எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பிரிகிற படிக்கட்டில் அவள் குனிந்து என் காதில் சொன்னாள்:

"பந்து கோணல்னு யார்கிட்டயும் சொல்லிறாத பாப்பா. பாவம், தொரைக்கு மானக்கேடாப் போயிரும்."