கையுறை போட வெட்கப்பட்டவர்கள்

ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்தும் கோணல், மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் என் மகள் பேஸ்பால் விளையாடுகிறாள். முன்பு என்னோடு உணவகச் சமையலறையில் வேலை செய்த அண்ணை ஒருவர் வீட்டுக்கு வந்து, அவள் பந்து பிடிக்கப் போடும் தோல் கையுறையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, பந்துக்குப் பயமோ?"

"முந்தி பேஸ்பால்ல எல்லாரும் வெறுங்கையாலதான் பந்து பிடிச்சவை, மாமா. முதல்ல கையுறை போட்டவர், சனம் சிரிக்குமெண்டு கையின்ர நிறத்திலயே போட்டவராம்," என்றாள் மகள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொதிநீரில் சட்டி கழுவ நான் கையுறை கேட்டபோது, "அடுப்படியில வளர்ந்த கைக்குக் கையுறையோ?" என்று எல்லோர் முன்னும் சிரித்தவர் இவர்தான். அன்று வெட்கத்தில் வெறுங்கையாலேயே கழுவினேன், விரல்கள் வெடித்தன. கையைக் காப்பதில் என்ன கேவலம்?

"சிரிக்காதேங்கோ அண்ணை. என்ர கையைப் பாருங்கோ," என்றேன். அவர் பார்க்கவில்லை.

மகள் சொன்ன கதை சரிதானா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.