பதினோராவது ஆட்டம்

ராசிங்காபுரத்திலிருந்து போடியை நோக்கி, கூலியான சோற்றைக்கூட வாங்காமல் நடந்துகொண்டிருந்தேன். அன்று அங்கே திருவிழாச் சடுகுடு. எந்த அணியிலும் சொந்தம் இல்லாத வெளியூர்க்காரன் என்பதால் என்னை மத்தியஸ்தம் பார்க்க நிறுத்தினார்கள். பாடிப் போகிறவன் இடையில் மூச்சு விடுகிறானா என்று கேட்பதுதான் வேலை. விடிந்தது முதல் வெறும் வயிற்றோடு, வெயிலில் பத்து ஆட்டம் பார்த்தேன்.

பதினோராவதில் ஜெயிக்கிறவர்களுக்குக் கிடா. ஏலத்தோட்டத்து அணியில் மிஞ்சியிருந்த மாயாண்டி, பாடிக்கொண்டே போய் எதிரணியின் கடைசி இருவரையும் தொட்டுத் திரும்பினான். அந்த நேரம் என் கவனம் சோற்றுப் பானையில் இருந்தது.

"மூச்சு விட்டுட்டான்!" என்று எதிரணி கத்தியது. நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

"அண்ணே, நெசமா விட்டேனா?"

"விட்டப்பா. என் காதால கேட்டேன்" என்றேன்.

பாதி வழியில் மாயாண்டி பின்னால் ஓடிவந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். இலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.

"நாள் பூரா நின்ன ஆளு, சாப்பிடாமப் போறீகளே! தோட்டத்துல எல்லாரும் கறிக்குக் காத்திருப்பாக. கிடாதான் தப்பிச்சிருச்சு. சரி, சோலி எதுவும் இருக்கா? இல்லைன்னா காலையில வெரசா அடிவாரத்துக்கு வாங்க."

சோற்றைத் தின்றேன். உண்மை மட்டும் வாயில் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மறுநாள் காலை, மலைக்கு அரிசி சுமக்கும் வேலையில் சேர்ந்தேன். முன்னால் மாயாண்டி மூட்டையோடு பாடிக்கொண்டே ஏறினான். செங்குத்தான மேட்டிலும் அவன் மூச்சு அறவில்லை. இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன்.