நான் சத்தம் போடாமல் இருந்த மாதங்கள்

எனக்கு வாய் பெரிசு. ராயப்பேட்டையில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குத் துணி தைக்கிற இடத்தில் இருபத்தைந்து வருஷம் மிஷின் மிதித்தவள் நான். அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் அங்கேயே ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். அவருக்கும் எனக்கும் சண்டை இல்லாமல் ஒரு பொழுது போனதில்லை. காபியில் சர்க்கரை கூடினாலும் சண்டை, ஃபேனை ரெண்டில் வைப்பதா மூணில் வைப்பதா என்பதற்கும் சண்டை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தச் சண்டை இல்லையென்றால் வீட்டில் வேறென்ன சத்தம் கேட்கும்?

போன ஆடி மாதம் அவர் செத்துப்போனார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னாய்யா?" என்றேன். "ஒண்ணுமில்ல, ஒரு மாதிரி கீது" என்றார். முந்தின நாள் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி நாலு உள்ளே தள்ளியிருந்தார். "வாயுவா இருக்கும், எழுந்து நட" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். சமர்த்தாகக் குடித்தார். அரை மணி நேரம் கழித்து வேர்த்துக் கொட்டியதும்தான் ஆட்டோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வலி ரெண்டு நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். ஓமத்தண்ணி விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு நானும் அவருடைய போட்டோவும் மட்டும் மிஞ்சினோம். நான் விடுவேனா? "யோவ், ரெண்டு நாளா வலிச்சுதாமே, ஒரு வார்த்தை சொன்னியா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். திட்டித் திட்டி அழுவேன். அழுதுகொண்டே அரிசி களைவேன். சாப்பிடுவேன், தூங்குவேன், விடிந்ததும் மறுபடி அவரைப் பிடித்துக்கொள்வேன்.

என் நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய ஒரே தங்கை, ரெண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளும் புருஷனை இழந்தவள்தான். எனக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொந்தம். தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். நான் கத்துவதைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப்போகும். "அண்ணி, செத்தவரை அப்படிப் பேசாதீங்க. அக்கம்பக்கம் காறித் துப்பும்" என்று காதைப் பொத்திக்கொள்வாள். கடைசியில் ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மயிலாப்பூர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டாக்டர் எங்களுக்குப் புதிது இல்லை. கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் உட்கார்ந்திருப்பார். என் சர்க்கரைக்குப் பத்து வருஷமாக அவர்தான் மாத்திரை எழுதுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் அவரோடு மல்லுக்கு நிற்பேன். நாத்தனார் அவரிடம், "போட்டோ கூட சண்டை போடறாங்க டாக்டர். மூளைக்கு ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்றாள்.

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, அழுகை நாள் பூரா இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா. நான் சொன்னேன்: "பட்டினப்பாக்கத்துல மீன் வாங்கப் போனேன் டாக்டர். சங்கராவைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்குமேன்னு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மீன்காரம்மாவும் சேர்ந்து அழுதுச்சு. அழுதுக்கினே செதில் சரியா எடுக்காம குடுக்கப் பார்த்துச்சு, விட்டேனா நான்?" சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார்.

"அவரு இருக்கற இடத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்டுட்டுத் திரும்பி வரணும்னு தோணுது."

"திரும்பி வரணும் இல்ல?"

"பின்ன? தைக்க வேண்டிய ஜாக்கெட் பத்து கிடக்குது."

நாத்தனாரை உள்ளே கூப்பிட்டு, இது வியாதி இல்லை, துக்கம், மாத்திரை வேண்டாம், திட்டினால் திட்டட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். படி இறங்கும்போது அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

இது நடந்தது என் வீட்டுக்காரர் போய் நாற்பது நாள் ஆனபோது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் எழுந்தேன், போட்டோவைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஓமத்தண்ணி டம்ளர் மட்டும் கண் முன்னால் நின்றது. அவர் சொல்லாமல் இருந்ததை விட்டுவிட்டு, நான் பார்க்காமல் இருந்ததை எடுத்துக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தை உட்கார்ந்து உட்கார்ந்து எண்ணினேன். கொன்றவள் நீதான் என்று உள்ளே ஒரு குரல், அதுவும் கத்தாத குரல், சொல்லிக்கொண்டே இருந்தது.

விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடும். சோறு வாயில் மண்ணாக இருந்தது. அதே மீன் கடைப் பக்கம் போனேன், சங்கரா இருந்தது, பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன். மிஷினில் உட்கார்ந்தால் ஒரு ஜாக்கெட்டுக்கு நாலு நாள் ஆனது. கைக்குழி அக்குளில் இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரி வந்து கத்தினாள். பழைய நானாக இருந்தால், "உடம்பைக் குறைச்சுட்டு வா" என்றிருப்பேன். "சரிம்மா, பிரிச்சுத் தர்றேன்" என்றேன். அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

ஆனால் ஊருக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது! அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். சத்தம் போட்டு அழுதபோது என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவர்கள், நான் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபோது, "இப்பதான் பொம்பளை அடக்கமா இருக்கா" என்றார்கள். புருஷனை இழந்தவள் வெளியே போகாமல், பேசாமல், நல்லது கெட்டது எதற்கும் வராமல் கிடந்தால் அதில் யாருக்கு என்ன குறை தெரியும்? வருஷம் திரும்பும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். நாத்தனார்கூட நிம்மதியாக மூச்சு விட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இதுதான் துக்கம் போலிருக்கிறது என்று.

மாசி மாதம் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய் டாக்டரிடம் தனியாகப் போனேன். எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"உட்காருங்கம்மா" என்றார். "பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க என்கூட சண்டை போடாம எழுந்திருக்கீங்க."

உட்கார்ந்தேன். மறுபடி அதே கேள்விகள். போன தடவை பக்கம் பக்கமாகப் பேசியவள் இப்போது ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. கடைசியாக வீட்டுக்காரரை எப்போது திட்டினீங்க என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். யாரைத் திட்டுறீங்க இப்போ என்றார். நான் மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். செத்துப்போயிடலாம்னு தோணுதா என்று மறுபடி நேராகக் கேட்டார்.

"இருந்தா மட்டும் யாருக்கு இன்னா? நான் இருக்கத் தகுதி இல்லாதவ" என்றேன். அவரைப் பார்க்கப் போகணும் என்று இந்தத் தடவை எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஞாபகமே அந்தப் பேச்சில் இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்போதுதான் ஓமத்தண்ணியைச் சொன்னேன்.

அவர், "உங்க மேல தப்பே இல்லை"ன்னு சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். "அந்த அரை மணி நேரத்துல பொழைச்சிருப்பாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு நீங்க வந்தப்ப உங்க புருஷன் இல்லைன்னு வருத்தப்பட்டீங்க. இன்னிக்கு நீங்களே இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. அன்னிக்கு அது துக்கம். இது வியாதி. இதுக்கு வைத்தியம் இருக்கு."

எனக்கு ரோஷம் வந்தது, அந்த நிலையிலும். "மாத்திரை போட்டா அவரை மறந்துடுவேனா?" என்று கேட்டேன். "இப்ப மட்டும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா?" என்றார் அந்த மனுஷன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. கையும் டம்ளரும்தான் வந்தது.

அங்கேயிருந்தே அடையாறில் ஒரு மனநல டாக்டருக்குப் போன் போட்டு, அடுத்த நாளே என்னைப் பார்க்க ஏற்பாடு செய்தார். ராத்திரி தனியாக இருக்க வேண்டாம், நாத்தனாரைக் கூட வந்து படுக்கச் சொல்லுங்கள் என்றார். அவள் வந்தாள். "அடங்கி ஒடுங்கி இருக்கும்போது எதுக்கு அண்ணி மாத்திரை?" என்று கேட்டாள். அடையாறு டாக்டர் ஒரு சின்னப் பெண். மாத்திரையும் கொடுத்தது, வாரா வாரம் வரச் சொல்லிப் பேசவும் வைத்தது. முதல் மூணு வாரம் ஒரு மண்ணும் தெரியவில்லை. நாக்கு வறண்டதுதான் மிச்சம். பிறகு ஒரு நாள் அஞ்சு மணி வரைக்கும் தூங்கினேன். இன்னொரு நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தெரிந்தது.

ஆறாவது வாரம் அந்தப் பெண், "ஓமத்தண்ணி விஷயத்தை உங்க வீட்டு ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றது. எனக்கு வீட்டு ஆள் யார் இருக்கிறார்கள்? ஒருத்திதான். அவள் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள். சொன்னால் அப்படியே எழுந்து போய்விடுவாள், அப்புறம் என் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஜீவன் இருக்காது. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "உங்க அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கினு உட்கார்ந்தப்ப, வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடுத்து உட்கார வெச்சவ நான்தான். அரை மணி நேரம் என்னால போச்சு. இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு நீ சொன்னாலும் சரி."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, எனக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"என் வீட்டு வாசல்ல நின்னுக்கினு சொன்னாரு. நெஞ்சு அடைக்குதுன்னாரு. டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லாதேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு. சொன்னா ஊரைக் கூட்டிடுவா, பயந்துடுவான்னாரு. நானும் விட்டுட்டேன், பாவி. போட்டோவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னியான்னு நீங்க கத்தும்போதெல்லாம் என்னைக் கேக்கற மாதிரி இருந்துது. அதான் டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன். மாத்திரை போட்டாவது நீங்க நிறுத்தணும்னு."

எனக்குக் கோபம் ஏறியது. எத்தனை மாதம் ஆயிற்று அது ஏறி! தங்கச்சியிடம் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் பயந்துவிடுவேனாம். எனக்காகப் பார்த்தாராம்! எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, டிவிகள் எல்லாம் நின்றன. கத்திக்கொண்டே இருந்தபோது அவர் அந்த வாசலில் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அழுக்கு லுங்கியும், நெஞ்சில் வைத்த ஒரு கையும், திருட்டு முழியுமாக முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தார். அவ்வளவுதான், குரல் உடைந்துபோயிற்று.

நாத்தனார் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

"இன்னிக்கு அது என் வாயில வராதுடி" என்றேன். "இப்ப வீட்டுக்குப் போ. நாளைக்கு வா. வராம மட்டும் இருந்துடாத."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் யாருமில்லை. அவர் இல்லை. அது அப்படி வலித்தது, மூச்சு விட முடியாத வலி. இத்தனை மாதம் அந்த வலி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அது மறுபடி என்னை விட்டுப் போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டே அழுதேன்.